தொட்டிலுக்கு அடியில் ஒரு கங்கு

அந்த வருடத்து பெல்டேன் தீயைக் கடைந்தெடுத்தது டூகல் கிழவர்தான் என்று எங்கள் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். செத்துப்போன மனிதருக்கு ஒரு பெருமை மிச்சமிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தத் தீ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை. கைக்குழந்தைக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பாதிக் கதையை அம்மா சொன்னாள், கொஞ்சம் அப்பா சொன்னார், மீதி ரோனட் பெரியம்மாவிடமிருந்து கிடைத்தது. மூன்றையும் ஒட்டவைத்தவள் நான்.

பெல்டேன் என்றால் எங்களுக்குக் கோடை பிறக்கும் நாள். மே மாதம் பிறக்கிற அன்று மாடுகளை இரண்டு தீக்கு நடுவே ஓட்டிவிட்டு மலை மேய்ச்சலுக்கு அனுப்புவோம். அது அடுப்பில் எரிந்த பழைய தீயாக இருக்கக் கூடாது. முந்தின மாலையே எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட வேண்டும். மறுநாள் ஆண்கள் மலையில் கட்டையோடு கட்டை கடைந்து புதுத் தீ எடுப்பார்கள். அதிலிருந்து வாங்கிவந்துதான் ஒவ்வொரு வீடும் அடுப்பு மூட்டும். எங்கள் எல்லையான இரண்டு ஓடைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பழைய கங்கு உயிரோடு இருந்தாலும் புதுத் தீ பிறக்காது. பிறக்காவிட்டால் மாடுகளுக்கு ஆகாது. எடின்பரோவில் படித்துவிட்டு வந்த எங்கள் பாதிரியார் இதெல்லாம் பிசாசின் வேலை என்று ஞாயிறுதோறும் தொண்டை கிழியக் கத்துவார். பெல்டேனுக்கு முந்தின மாலை அவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும். அவருக்கும் இரண்டு மாடு இருந்ததே.

அந்தக் குளிர்காலம் மாட்டு நோய் வந்திருந்தது. இருமி இருமி, மூக்கில் சளி ஒழுகி, மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. பக்கத்து வீட்டு ரோனட் பெரியம்மாவுக்கு மூன்று மாடு இருந்து ஒன்று மிஞ்சியது, அதுவும் சினையாக. எங்களுக்கு இருந்ததே ஒன்றுதான். அது தப்பித்திருந்தது. ஆகவே அந்த வருடம் பெல்டேன் தீயைத்தான் எல்லோரும் மலைபோல நம்பியிருந்தார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. எனக்கு முன்னால் இயன் என்று ஒருவன் பிறந்திருந்தான். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் பெல்டேன் அன்று மழை. கட்டை நனைந்து, தீ வர இருட்டிவிட்டது. புதுத் தீயை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இயனின் உதடு நீலமாக இருந்தது. அதன்பிறகு அந்தத் தீயில் குளிர்காய அவன் இல்லை. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்து நான். மாதம் நிறையுமுன்பே மார்ச் மாதப் பனியில் பிறந்தேன். பூனைக்குட்டி அளவுதான் இருந்தேனாம். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் கரகரவென்று சத்தம் கேட்குமாம். பெல்டேன் வந்தபோதும் மலையில் பனி கரையவில்லை.

முந்தின மாலை அப்பா மாடு நுழையும் கதவில் ரோவன் மரக் குச்சியைச் சிலுவையாகக் கட்டிக்கொண்டிருந்தார், கெட்டது அண்டாமல் இருக்க. அந்த நேரத்தில் அம்மா அடுப்பிலிருந்து நல்ல கங்குகளாகப் பார்த்து ஒரு சின்ன இரும்புச் சட்டியில் வாரி, மேலே சாம்பலைப் போட்டு மூடி, என் தொட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன்மேல், அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்த எரிகட்டிகளைப் போடும் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். அப்பா உள்ளே வந்து, ஜெபம் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். அம்மாவும் பக்கத்தில் நின்று ஜெபம் சொன்னாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இதையெல்லாம் நம்பாதவள் இல்லை. பழைய கங்கு இருந்தால் புதுத் தீ வராது என்பதை அவள் பாதிரியாரின் வேதத்தைவிட உறுதியாக நம்பினாள். நம்பிக்கொண்டேதான் செய்தாள்.

விடிந்ததும் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார். மற்ற நாட்களில் மாட்டின் மூச்சே எங்களுக்குப் பாதி அடுப்பு. வீட்டின் ஒரு கோடியில் நாங்கள், மறுகோடியில் அது. அன்று அதுவும் இல்லை. சட்டி மட்டும்தான்.

மலையில் ஆண்கள், இரும்பு பட்டால் புதுத் தீ வராது என்பதால், கத்தி, கொக்கி, பொத்தான் என்று உடம்பிலிருந்த இரும்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கடையத் தொடங்கினார்கள். ஓக் மரக் கட்டையில் ஒரு குழி, குழியில் ஒரு கோல், கோலைச் சுற்றிக் கயிறு. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், மாற்றி மாற்றித் தயிர் கடைவதுபோல இழுப்பார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அன்று புகை மட்டும்தான் வந்தது. வெயில் ஏறியும் ஒரு பொறி இல்லை. குளிர்காலம் பூராவும் அந்தக் கட்டை டூகல் கிழவரின் ஓட்டைக் கூரைக்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். கிழவர் நிமிர்ந்து நின்று, "எவ வீட்டுலயோ அடுப்பு உயிரோட இருக்கு. போயிப் பாத்துட்டு வாங்க" என்று பெண்களை ஏவிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ரோனட் பெரியம்மா.

"அடுப்பப் பாத்துட்டு வரச் சொன்னாங்க, ஊனா."

"பாருங்கக்கா. யாரு வேணாம்னா?" என்றாள் அம்மா.

பெரியம்மா அடுப்புச் சாம்பலுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள்.

"ஊறிப்போயி கெடக்கு."

"பின்ன? இவ அப்பா ஒரு வாளித் தண்ணிய ஊத்துனாரு. வேணும்னா எறங்கிக் குளிங்க."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொட்டில் பக்கம் வந்து, "உன் பூனைக்குட்டி எப்படி இருக்கா?" என்று கம்பளிக்குள் கையை விட்டு என் காலைப் பிடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"கால் சூடா இருக்கு."

"நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தேன்கா."

பெரியம்மா அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "உன் கையே பனிக்கட்டியா இருக்கு. என் வீட்டுல நாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துச்சுங்க. அப்பவும் விடியறப்ப ஒருத்தனுக்கும் கால்ல சூடு இல்ல. இவளுக்கு மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?"

பெரியம்மா குனிந்து கூடையைப் பார்த்தாள். அதைத் தூக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

"அணைச்சிடு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். என் கண்ணு முன்னால தண்ணிய ஊத்திடு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து பெரியம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "இயன் போனப்ப நீங்கதானக்கா அவனைக் குளிப்பாட்டுனீங்க?"

"நான்தான்."

"இவளையும் குளிப்பாட்டணுமா?"

"அப்படிப் பேசாத. என் மாடு மலை மேல நிக்குதுடி. நேத்துலேருந்து அதுவும் இருமுது. உன் மாடு போனா மாடு போச்சு, உனக்குப் புருஷன் இருக்கான். என் மாடு போனா என் நாலும் போச்சு."

"நான் உங்க மாட்டைக் கேக்கலக்கா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன்."

"நான் பொறுத்துப்பேன். தீ பொறுக்குமா? இது இருக்கற வரைக்கும் அது எப்படி வரும், நீயே சொல்லு."

அம்மாவுக்கும் அதே நம்பிக்கைதானே. பாவாடையை மட்டும் விடவில்லை. வெளியே யாரோ ஒருத்தி, "ரோனட், அங்க என்ன?" என்று குரல் கொடுத்தாள். பெரியம்மா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கினாள். வாசலுக்குப் போய், கையிலிருந்த ஈரச் சாம்பலை உதறிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல. அடுப்பு செத்துக் கெடக்கு."

எல்லா அடுப்பும் செத்துத்தான் கிடக்கிறது என்று தெரிந்ததும், டூகல் கிழவர் அடுத்த காரணத்தைப் பிடித்தார். அடுப்பில் குற்றம் இல்லையென்றால் கயிறு பிடிக்கிற ஆளில் குற்றமாம். பாவம் செய்தவன் கைபட்டால் தீ வராதாம். ஒருவன் எவனுடைய ஆட்டையோ திருடித் தின்றதை ஒப்புக்கொண்டு விலகினான். இன்னொருவன் தம்பி மனைவியைப் பற்றி யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு அடிவாங்கினான். பாதிரியார் பத்து வருடம் கத்தியும் வெளிவராத பாவமெல்லாம் அன்று ஒரு மதியத்தில் வெளியே வந்தது. தீ மட்டும் வரவில்லை. கடைசியில் கயிறு அறுந்தது. வேறு கயிறு எடுத்துவர அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்பா உள்ளே கால் வைத்ததுமே மூக்கை உறிஞ்சினார். சூடான சாம்பலுக்கு ஒரு வாசனை உண்டு, எவ்வளவு மூடினாலும் மறையாது.

"எங்க இருக்கு?"

அம்மா தொட்டிலை விட்டு நகரவில்லை. அவர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். சட்டியில் இருந்ததெல்லாம் நீறாகி, கோழிமுட்டை அளவில் ஒரே ஒரு கங்குதான் மிஞ்சியிருந்தது. புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மா புதிதாக எரிகட்டி எதுவும் போடவில்லை.

"பாவி. என் கையப் பாரு." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். தோல் வழன்று சதை தெரிந்தது. "விடிஞ்சதுலேருந்து இழுக்கறேன். ஊரே இழுக்குது. நீ இங்க இத மறைச்சு வச்சிட்டு உக்காந்திருக்க."

அவர் வாளியை எடுத்தார். அம்மா எழுந்து தடுக்கவில்லை.

"ஊத்துங்க. அதுக்கு முன்னாடி இவளைத் தூக்கிட்டுப் போயி இயன் பக்கத்துல புதைச்சிட்டு வாங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்."

அந்த நேரம் பார்த்து நான் இருமினேனாம். அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தப் புண்ணான கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது அம்மா பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பொழுது சாயறதுக்குள்ள வரலன்னா இந்த வருஷம் தீ இல்லங்கறாரு கெழவரு," என்றார். "பக்கத்துப் பள்ளத்தாக்குல போயி வாங்கலாம்னா அங்க மாடெல்லாம் செத்துட்டிருக்கு, அந்தத் தீய எவனும் தொட மாட்டான். ரோனட்டோட பிள்ளைங்க எங்க கூடவே மலையில நின்னு நடுங்குதுங்க. ராத்திரி பூரா எல்லா வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும், ஊனா. உன் பிள்ளை மட்டும் இல்ல."

அம்மா சட்டியைப் பார்த்தாள். கங்கின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இது இன்னும் கொஞ்ச நேரம்தான். இது போனா ராத்திரிக்கு இவளும் போயிருவா," என்றாள். "இதையே எடுத்துட்டுப் போங்க."

"எங்க?"

"மேல. அந்தக் குழியில போடுங்க."

"மூளை கெட்டுப் போச்சா உனக்கு? பழைய தீடி இது."

"வராத புதுத் தீய வச்சிக்கிட்டு என்ன செய்யறது?"

"மாடுங்களுக்கு நாம பண்றது துரோகம்."

"ஆமா," என்றாள் அம்மா. "எடுங்க சீக்கிரம்."

சட்டியோடு போனால் ஊர் பார்க்கும். அப்பா இடது உள்ளங்கையில் சாம்பலைப் பரப்பினார். அம்மா கங்கை எடுத்து அதன்மேல் வைத்து, மேலேயும் சாம்பல் தூவினாள். தோல் உரிந்த கை அது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையின்மேல் கயிற்றுச் சுருளைப் போட்டு மறைத்துக்கொண்டு நடந்தார். ஓடினால் காற்றில் கங்கு சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், மெதுவாகப் போனால் அணைந்துவிடும். அந்த நடையை அப்பா சொல்லும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக மூடிக்கொள்ளும்.

அம்மா சட்டையைக் கழற்றி என்னை வெறும் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டாள். சட்டியைக் காலுக்கிடையில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் இரும்பில் சூடு இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. என் இருமல் நின்றது. நின்றதும்தான் அவளுக்கு உயிரே போனது. இருமக்கூடத் தெம்பில்லாமல் நான் கிடக்கிறேன் என்று புரிந்துவிட்டது. நெஞ்சில் ஊதினாள், வாயில் ஊதினாள். கர்த்தரைக் கூப்பிட்டாள், பிறகு கர்த்தர் காதில் விழக்கூடாத பெயர்களையும் கூப்பிட்டாள். என் உதட்டைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தானே பெற்று, தானே காப்பாற்றி, தானே கங்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மலையில் அப்பா புதுக் கயிற்றைச் சுற்றினார். ஆட்கள் இழுத்தார்கள். புகை வந்தது. ஊதிப் பார்க்கிறேன் என்று அப்பா குனிந்தார். குழியோரம் வைத்திருந்த காய்ந்த பாசியின் மேல் அவர் கை ஒரு கணம் திறந்து மூடியது. பாசி பற்றிக்கொண்டது. டூகல் கிழவர்தான் முதலில் பார்த்து அலறினார். அதனால்தான் அது அவர் எடுத்த தீயாகிவிட்டது.

எங்கள் வாசலில் முதலில் வந்து நின்றது அப்பா இல்லை, ரோனட் பெரியம்மா. ஓட்டுச் சில்லில் எரிகிற கட்டியை வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். மலையிலிருந்து இறங்கினால் அவள் வீடுதான் முதலில். நடுங்கிக்கொண்டிருந்த தன் நான்கு பிள்ளைகளையும் இருட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள்.

"இந்தா, சுத்தமான தீ. பழசக் கொட்டுடி மொதல்ல."

அம்மா காலியான சட்டியைக் காட்டினாள்.

"எப்ப அணைஞ்சது?"

"கொஞ்ச நேரம் ஆச்சுக்கா."

"பாத்தியா? அது செத்ததும் இது பொறந்திருச்சு." பெரியம்மாவின் முகமெல்லாம் சந்தோஷம். அடுப்பை அவளே மூட்டினாள். என் காலைத் தொட்டாள். விறைத்திருந்தது. இரண்டு பெண்களுமாக என்னை அடுப்போரம் வைத்து, ஆளுக்கொரு காலாகத் தேய்த்தார்கள். தேய்த்தார்கள், தேய்த்தார்கள். கடைசியில் நான் அழுதேன். அழுகை என்று சொல்ல முடியாது, கதவு கிறீச்சிடுவதுபோல ஏதோ ஒரு சத்தம்.

அப்போதுதான் அப்பா வந்தார். அவர் கையைப் பார்த்துப் பெரியம்மா பதறி, வெண்ணெய் தடவ இழுத்து விரித்தாள். கயிறு அறுத்த புண் குறுக்காக இருக்கும். இடது கையில், அந்தக் கோடுகளுக்கு நடுவே, கோழிமுட்டை அளவில் வட்டமாகக் கருகியிருந்தது. பெரியம்மா அந்த வட்டத்தைப் பார்த்தாள். காலிச் சட்டியைப் பார்த்தாள். தான் கொண்டுவந்து மூட்டிய அடுப்பைப் பார்த்தாள். வெண்ணெயைத் தடவி முடித்துவிட்டு, தன் பிள்ளைகளிடம் போனாள்.

மாடுகளெல்லாம் அந்தத் தீக்கு நடுவே போயின. பெரியம்மாவின் மாட்டையும் ஓட்டினார்கள். புல் அறுப்புக்கு முன்பே அது வயிற்றுக் கன்றோடு செத்தது. அடுத்து வந்த குளிர்காலம் முடிந்தபோது அவளுடைய நான்கு பிள்ளைகள் மூன்றாகியிருந்தார்கள். போனவன் கடைக்குட்டி ஆலன்.

அந்த மாட்டுக்கு முன்பே நோய் வந்துவிட்டது, எந்தத் தீயும் அதைக் காப்பாற்றியிருக்காது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நீ சொல்லுவ," என்றாள். "நீ உயிரோட இருக்கல்ல."

எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தினமும் காலையில் எங்கள் மாட்டுப் பாலில் பாதியை ரோனட் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. அவள் நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. பாலை வாங்குவதற்கு முன் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்ப்பாள். சந்தையில் குதிரை வாங்குகிறவன்போல, தினமும், இரண்டு காலையும். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பாலைக் குடுத்துட்டு நான் எதுக்கு அந்தக் கெழவிகிட்டக் காலைக் காட்டணும்? இனிமே போக மாட்டேன்" என்றேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பிறகு அடுப்போரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "மறுபடி அந்த நாள் வந்தாலும் நான் அந்தச் சட்டிய எடுத்துத்தான் வைப்பேன். அதுதான்டி என்னைத் தூங்க விடமாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் காலை பாலை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா வழக்கம்போலக் குனிந்தாள்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா," என்றேன்.

அவள் நிமிரவில்லை. என் இரண்டு பாதங்களையும் பிடித்தபடியே இருந்தாள். உள்ளே மாடு கட்டும் முளை இன்னும் தரையில் அப்படியே இருந்தது.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்றாள். "பாலைக் கீழ வை, சிந்திரப் போவுது."

பிறகு என் காலை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"சூடாத்தான் இருக்கு. உனக்காவது இருக்கட்டும்."